ஒன்பது வயது மருமகள்

"மிஸ், என்னோட அஞ்சாம் வகுப்புல பாதிப் பேரக் காணோம். எங்க போட்டீங்க?"

திங்கட்கிழமை காலை. நான் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. தொலைபேசியில் பேசியவர் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தவமணி டீச்சர். குரலில் கோபம் இல்லை. இரவல் கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்பவர் மாதிரித்தான் கேட்டார்.

"காணோம்னா, பள்ளிக்கூடத்துக்கு வரலையா டீச்சர்?"

"ஐயோ, இங்க என் முன்னாலதான் உக்காந்து ரொட்டி திங்குதுங்க. நீங்க அனுப்புன பேப்பர்லதான் இல்ல."

அந்தப் பேப்பர் எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. மூன்று கணினி, ஒரு அலுமாரி, உட்கார்ந்தால் ஆடாத கதிரை இரண்டு, ஆடுகிற கதிரை நான்கு. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். மூடினால் புழுங்கும். பாதி திறந்து வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

அரசாங்கம் நாடு முழுக்க எடுக்கும் குடிசன மதிப்பீட்டை, நாங்கள் பன்வில, மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் மட்டும் சின்ன அளவில் எடுத்துக்கொண்டிருந்தோம். தோட்டத்து இளைஞர்கள் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதி வருவார்கள். அதைக் கணினியில் ஏற்றி, நிரல் எழுதி, அட்டவணையாக்குவது என் வேலை. அறிக்கை வெளியே போகுமுன் அந்தந்தப் பாடசாலைக்கு எண்களை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வோம்.

தவமணி டீச்சரின் பாடசாலை தரம் ஐந்தோடு முடிகிறது. அதன்பிறகு படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் மலையிறங்கி, பஸ் பிடித்து, டவுனுக்குப் போக வேண்டும். மழைக்காலம் வந்தால் பலர் நின்றுவிடுவார்கள். நின்றவர்கள் திரும்பிப் போவது அபூர்வம். தோட்டத்திலேயே போதிய பிள்ளைகள் இருப்பதாகக் காட்டினால் ஆறாம் வகுப்புக்கு யோசிக்கலாம் என்று வலயக் கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. காட்ட வேண்டிய எண் எங்கள் அறிக்கையில்தான் வரும்.

"இந்தக் கணக்கோட போனா ஆறாம் வகுப்பு கெடைக்காது மிஸ். அடுத்த கிழமை கூட்டம்."

"பாத்துச் சொல்றேன் டீச்சர்."

"சீக்கிரம் பாருங்க. மிச்சம் இருக்கிறவங்களையும் யாராச்சும் தூக்கிட்டுப் போயிறப் போறாங்க."

தொண்ணூற்றொன்பது வயதுக்காரர்கள்

ஆட்கள் காணாமல் போவது எனக்குப் புதிது. ஆட்கள் கூடிப்போவதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்தின் சராசரி வயதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். விடை மிகவும் முதிர்ச்சியாக வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் லயத்துக்கு நான்கைந்து பேர் தொண்ணூற்றொன்பது வயதில் இருக்கிறார்கள். தொண்ணூற்றெட்டில் ஒருவரும் இல்லை. நூறிலும் இல்லை.

என்னுடன் வேலை செய்த ரிஸ்னா அக்குறணைக்காரி. எதையும் சிரிக்காமல் சொல்வாள். "தேத்தண்ணிட மகிமைடி. எழுதிப் போடு, நாளைக்கே ஜப்பான்காரன் வந்து எறங்குவான்."

விஷயம் சின்னது. வயது தெரியாவிட்டால் 99 என்று போடும்படி படிவத்தில் இருந்தது. 99 என்றால் 'தெரியாது' என்று அர்த்தம் என நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. பாவம், அது நம்பிவிட்டது. வெற்றிடத்துக்குக் கொடுத்த குறியீட்டை எண்ணாக எடுத்துக் கூட்டுவது, இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும் முதலில் விழுகிற குழி. அன்றிலிருந்து எந்தத் தரவைத் திறந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் ஆகப் பெரியது எது, ஆகச் சிறியது எது, எது சந்தேகப்படும்படி அடிக்கடி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீரில் கை வைப்பேன்.

இன்னொரு முறை, வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற பகுதியைக் கூட்டவே முடியவில்லை. கூட்டு என்றால், இது எண்ணே இல்லை, எழுத்து என்று கணினி அடம்பிடித்தது. ஆயிரக்கணக்கான 1, 2, 3-க்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் யாரோ 'இரண்டரை' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சொல் வந்தாலும் பகுதி முழுவதும் எழுத்தாகிவிடும்.

இரண்டரை ஆள் எப்படி வேலைக்குப் போவார்? தோட்டத்தில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரைநாள் சம்பளம். அந்த வீட்டு அம்மா நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார்: ரெண்டு பேருக்கு முழுப்பேர், மருமகனுக்கு அரைப்பேர். எழுதப் போன தம்பியும் தோட்டத்துப் பிள்ளை. கேட்டதும் சந்தேகமே வராமல் எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

தோட்டங்களின் பெயர் தனிக்கதை. துரையின் கந்தோரில், அதாவது தோட்ட அலுவலகத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெயர், பஸ் போர்டில் ஒரு சிங்களப் பெயர், ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். ரெட்டைப்பாலத் தோட்டம் என்று ஒரு கோப்பில் இருப்பதும், ஆங்கிலப் பெயரோடு இன்னொரு கோப்பில் இருப்பதும் ஒன்று என்று கணினிக்குத் தெரியாது. இரண்டு கோப்பையும் இணைத்தால் அந்தத் தோட்டமே நழுவிவிடும். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பெயரைப் பார்க்கவே வேண்டாம் என்று நிரலுக்குக் கட்டளையிட்ட பிறகுதான் நிம்மதி.

இவற்றில் எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு நின்றுபோகும் நிரல் நல்ல நிரல். வேலை முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வழியில் பாதிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற நிரலுக்குத்தான் பயப்பட வேண்டும். தவமணி டீச்சரின் வகுப்பை அப்படி ஒன்றுதான் இறக்கிவிட்டிருந்தது.

வடிகட்டியில் நின்றவர்கள்

தேடும் முறை சுலபம். சாவி தொலைந்தால் வந்த வழியே திரும்பி நடப்பது போல. இளைஞர்கள் எழுதிவந்த படிவத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தார்கள். கணினியில் ஏற்றிய பிறகு? இருந்தார்கள். தோட்டங்களை இணைத்த பிறகு? இருந்தார்கள். 'சுத்தம் செய்தல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தாண்டியதும் இல்லை.

சுத்தம் செய்யும் நிரல் எங்களுக்கு முன்பே அலுவலகத்தில் இருந்தது. வேறொரு நாட்டில் வேறொரு வேலைக்காக எழுதி, கை மாறிக் கை மாறி வந்தது. ஆண் பிரசவித்ததாகவோ, தகப்பனைவிட மகன் மூத்தவனாகவோ பதிவு இருந்தால் அதை எடுத்து எறிந்துவிடும். எறிந்ததை யாருக்கும் சொல்லாது.

நான் அதை எறிய விடாமல், எறிய நினைப்பதை எல்லாம் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்து ஓட விட்டேன். முதலில் வந்து விழுந்தது இது:

உறவு: மருமகள். பெண். வயது ஒன்பது.

ரிஸ்னா தன் ஆடுகிற கதிரையோடு நகர்ந்து வந்தாள். "அல்லாஹ்வே! ஒம்பது வயசுல மருமகளா?"

அடுத்தது, மருமகன், வயது ஏழு.

"மாப்புளைக்கு முன்பல்லே விழுந்தீக்காதுடி!"

அதற்கடுத்தது, மருமகள், பதினொன்று. மருமகன், ஐந்து. மருமகள், பத்து. திரை கீழே ஓடிக்கொண்டே இருந்தது. பதினைந்து வயதுக்குக் கீழே மருமகனோ மருமகளோ இருந்தால் அது எழுதியவரின் பிழை, நீக்கு. அந்த வரியை நிரலில் கண்டுபிடித்துவிட்டேன். பார்க்கப் போனால் நியாயமான வரிதான். ரிஸ்னா சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் அத்தையின் குரல் காதில் கேட்டது.

அத்தை சொன்ன பதில்

என் அப்பா அம்மா ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அங்கும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அம்மாவின் அண்ணன், என் மாமா, கண்டியில் ஒரு மொத்தக் கடையில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பக்கம் வாடகை வீடு. நான் ஆறாம் வகுப்புக்கு அங்கே போனேன். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய்.

மாமாவுக்கு ஒரே மகன், சுரேஷ். என்னைவிடச் சின்னவன். அப்போது அவனுக்கு ஆறு வயது இருக்கும்.

ஒருநாள் யாரோ பெயர் எழுத வந்தார்கள். எந்தக் கந்தோர், எதற்காக என்றெல்லாம் நினைவில்லை. கையில் பெரிய அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டே வந்தவர் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை யாரு?" என்றார்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அதா? எங்க மருமக."

வந்தவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் காற்சட்டை நழுவ நின்ற சுரேஷைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "இவருக்கா?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இப்ப இல்லீங்க ஐயா. பெறகு பாத்துக்கலாம்."

சுரேஷ் ஓவென்று அழத் தொடங்கினான். "எனக்கு வேணாம்! அவ என் பம்பரத்த ஒளிச்சு வைக்கிறா!"

அந்தத் தாளில் என்னை என்னவென்று எழுதினார்களோ தெரியாது. சுரேஷ் இப்போது பேராதனையில் ஒரு கடை வைத்திருக்கிறான். மனைவி கலகெதரக்காரி, நல்ல பெண். என்னைக் கண்டால் இன்றைக்கும் "தப்பிச்சேன்" என்பான். நானும் அதையேதான் சொல்வேன்.

தமிழில் மகனைக் கட்டியவளும் மருமகள், உடன்பிறந்தாளின் மகளும் மருமகள். ஒரே சொல் இரண்டு பேருக்கும் போதுமென்று நாம் வைத்துக்கொண்டோம். இரண்டாவது ஆள் ஒருநாள் முதலாவது ஆளாக வரக்கூடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் படிவம் ஆங்கிலத்தில் தயாரித்துத் தமிழாக்கியது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டம், பிள்ளையை மணந்தவர்களுக்கு மட்டும். தமிழில் 'மருமகன்/மருமகள்' என்று எழுதியதும் வாசல் அகலமாகிவிட்டது. "இந்தப் புள்ள யாரு?" "என் மருமக." ஒரு சரி அடையாளம். முடிந்தது.

தவமணி டீச்சரின் வகுப்பில் பாதி மட்டும் ஏன் போனது என்பதும் விளங்கிவிட்டது. அந்தத் தோட்டத்தில் தாய்மார் பலர் குவைத்திலோ கொழும்பிலோ வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தி வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள் படிவத்தில் 'மகள்', 'மகன்' ஆகிவிட்டார்கள். அக்கா பிள்ளையை நம்மவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் பிழைத்தார்கள். மாமா வீட்டில் விடப்பட்டவர்கள் மருமக்களாகி, வடிகட்டியில் நின்றுவிட்டார்கள்.

"அப்ப இதப் பாரு," என்றாள் ரிஸ்னா, பிழைத்தவர்களின் பட்டியலைத் தோண்டிக்கொண்டே. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் இடையில் இரண்டு மாதம். "இந்த உம்மாக்கு விருது குடுக்கணும்டி."

ஆதாரம் எங்க பிள்ளை

எங்கள் பொறுப்பாளர் நடேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பல வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்துக்கூட மலையேறவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், நீர் சொல்றது விளங்குது. எங்கட பக்கமும் அக்கான்ர மகளை மருமகள் எண்டுதான் சொல்றது. ஆனா நாங்கள் நினைச்சபடி எண்ணைக் கூட்டேலாது. கல்விக் கந்தோர்க்காரர் கேப்பினம், ஆறாம் வகுப்புக்காகப் பிள்ளையளை உண்டாக்கிப் போட்டியளோ எண்டு."

"சேர், ஒம்பது வயசுப் பிள்ளைக்கு யாராவது கல்யாணம் செஞ்சு வைப்பாங்களா?"

"அது உமக்கும் எனக்கும் தெரியும். ஆனா தாளில என்ன கிடக்கு? ஆதாரம் எங்க பிள்ளை?" கண்ணாடியை மறுபடி போட்டார். "போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாரும். வந்தாப் பிறகு நானே கையெழுத்து வைக்கிறன்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது உண்மை. பஸ்ஸில் ஏறியபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

இருந்ததும் போச்சு

குட்ஷெட் பஸ் நிலையத்தில் ரிஸ்னாவும் நானும் ஏறினோம். வத்தேகம தாண்டி, பன்வில தாண்டி, வளைவுகள் கூடக் கூட அவள் பேச்சு குறைந்தது. மடுல்கெல்லையில் இறங்கியபோது முகம் பச்சைத் தேயிலை நிறத்தில் இருந்தது. தூறல். தொழிற்சாலைப் பக்கமிருந்து வறுபட்ட கொழுந்தின் வாசம். அங்கிருந்து முச்சக்கர வண்டியில் மேலே.

நான் கேள்வியை ஒழுங்காகத் தயாரித்து வைத்திருந்தேன். குழப்பம் இல்லாத, தெளிவான கேள்வி. முதல் லயத்தில் முதல் வீடு. ஒரு அக்கா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டுல பத்து வயசுல ஒரு மருமக இருக்காங்கதானே? அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

அக்காவின் கையிலிருந்த விறகு அப்படியே நின்றது.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"கண்டியில இருந்து."

"எங்க வீட்டுல அப்புடி யாரும் இல்லீங்க." கதவு சாத்தப்பட்டது.

இரண்டாவது வீட்டில் நாங்கள் போவதற்கு முன்பே கதவு சாத்தியிருந்தது. மூன்றாவது வீட்டுப் பின்பக்கத்தால் இரண்டு பிள்ளைகள் மரக்கறித் தோட்டத்துக்குள் ஓடுவதைப் பார்த்தேன். நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார். "நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல மிஸ். சின்னப் புள்ளைக்குத் தாலி கட்டி வைக்கிற சாதியா நாங்க? எந்தப் பொலிஸ்ல வேணாலும் வந்து சொல்றோம்."

சின்ன வயதுக் கல்யாணம் பிடிக்கக் கண்டியிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி எங்களைவிட வேகமாக லயத்தைச் சுற்றி வந்திருந்தது. ரிஸ்னாவின் முக்காடும், என் கையிலிருந்த கோப்பும் அதற்குச் சாட்சியாகிவிட்டன.

பாடசாலைக்குப் போனால் தவமணி டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குட்டையான, சுறுசுறுப்பான ஆள். சேலை மடிப்பில் சுண்ணக்கட்டித் தூள்.

"வாங்க வாங்க. ஏற்கெனவே பாதிதான் பேப்பர்ல இல்ல. இப்ப வகுப்புலயும் இல்ல. வீட்டுலேருந்து ஆளு வந்து ஒவ்வொண்ணா இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"டீச்சர், நான் கல்யாணம் ஆகலைதானேன்னு உறுதிப்படுத்தத்தான்..."

"ஏங்க, பத்து வயசுப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டா, ஊருல என்ன, தட்டுல வெத்தல பாக்கா வைப்பாங்க?"

ரிஸ்னா திரும்பி நின்று கரும்பலகையைப் படிப்பது போல் பாவனை செய்தாள். தோள் குலுங்கியது.

கேள்வி மாறியது

டீச்சர் இரண்டு பிள்ளைகளை அனுப்பி மற்றவர்களைத் திரட்டினார். மதியத்துக்குள் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே நாலைந்து பெரியவர்களும் வந்து, தகரக் கூரைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டு வாசலில் கேட்ட கேள்வியை நான் கோப்புக்குள்ளேயே வைத்து மூடிவிட்டேன்.

"மாமா வீட்டுல தங்கியிருந்து பள்ளிக்கூடம் வர்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மாமா வீட்டில் இருப்பது ஏதோ குற்றமாகிவிட்டதோ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் என் கையைத் தூக்கினேன். "நானும் மாமா வீட்டுல இருந்துதான் படிச்சேன். எங்கத்தை என்னை மருமகள்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க மகனக் கட்டாமயே."

வெளியே நின்ற நான்காவது வீட்டுப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். "அடக் கடவுளே, இதுக்குத்தானா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி?"

பிறகு கைகள் எழுந்தன. முன்வரிசை வாங்கிலிருந்து பின்வரிசை வாங்குக்கு, ஒன்றன்பின் ஒன்றாக. நெட்டையாக ஒரு பெண், பெயர் பிரியதர்சினி, கையைப் பாதி தூக்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"நான் எங்க மாமா வீட்டுலதான் மிஸ். ஆனா எங்கம்மா வர்ற வரைக்கும்தான்."

"அம்மா எங்க?"

"குவைத்துல."

"அப்ப முழுசாத் தூக்கு," என்றார் டீச்சர். "இப்ப இங்கதானே இருக்க."

வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, எந்தப் பிள்ளை எந்த உடன்பிறந்தாளின் பிள்ளை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். விறகு அக்காவும் வந்தார். எங்கள் இருவருக்கும் கித்துள் கருப்பட்டியோடு தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தார். ரிஸ்னா மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். திரும்பி வரும்போது வளைவுகளில் அதற்காக வருந்தினாள்.

அலுவலகத்துக்கு வந்து நான் செய்த மாற்றங்கள் சொற்பம். படிவத்தில் 'மருமகன்/மருமகள்' கட்டத்தை இரண்டாக்கினேன்: பிள்ளையை மணந்தவர், உடன்பிறந்தாரின் பிள்ளை. சுத்தம் செய்யும் நிரலுக்கு எதையும் எறியும் உரிமை இல்லையென்று ஆக்கினேன். சந்தேகமானதைத் தனியே வைத்து, ஏன் வைத்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். சுற்றுலா கூட்டிப்போகும் டீச்சர்கள் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவார்களே, அதேதான். நடேசன் சேர் ஒவ்வொரு கையெழுத்தையும் பார்த்துவிட்டுத் தன்னுடையதை வைத்தார்.

பேனா

வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குத் தவமணி டீச்சர் பட்டுச்சேலையில் வந்திருந்தார். அதிகாரி சிங்களத்தில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். எங்கள் கோப்பில் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்து, எண் ஏன் முதலில் ஒன்றாகவும் பிறகு இன்னொன்றாகவும் இருக்கிறது என்று கேட்டார். மருமகள் கதையைச் சொன்னேன்.

அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். தங்களுக்கும் அப்படித்தானாம். அக்காவின் மகனும் மகளின் கணவனும் சிங்களத்தில் ஒரே சொல்தான். "பேனா," என்றார். "பேனா!"

சிங்களம் அதிகம் தெரியாத தவமணி டீச்சர் சட்டென்று கைப்பையைத் திறந்து, தன் பேனாவை எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி ஒரு கணம் திகைத்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவர் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முக்கியமானதைக் கேட்டார். இந்தப் பிள்ளைகள் மாமா வீட்டில் இருக்கிறவர்கள். தாய்மார் திரும்பி வந்தால் போய்விடுவார்கள். தான் ஒரு வகுப்பைத் திறந்து, ஆசிரியரைப் போட்டு, பிறகு பிள்ளைகள் போய்விட்டால்?

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. எந்த நிரலாலும் அதைச் சொல்ல முடியாது. டீச்சருக்கு மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே, முடிந்தது என்று நினைத்தேன்.

டீச்சர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "போகப் போற புள்ளைதானேன்னு சோறு போடாம இருக்கமா சேர்?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி டீச்சரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதத் தொடங்கினார்.

புது வருடம் பிறந்து பாடசாலை தொடங்கிய கிழமை தவமணி டீச்சர் அழைத்தார்.

"ஆறாம் வகுப்பு நடக்குது மிஸ். மேச கதிர இன்னும் முழுசா வரல. ரெண்டு பேரு ஒண்ணுல உக்காந்து இடிச்சுக்கிட்டுப் படிக்கிதுங்க."

"எல்லாரும் வந்துட்டாங்களா டீச்சர்?"

"ஒரு ஆளு கொறையிது."

என் கை தானாகக் கணினிப் பக்கம் போயிற்று. "யாரு?"

"பிரியதர்சினி. அவங்கம்மா வந்துட்டாங்க. இங்க வந்து, கையோட அவங்க ஊரு ஹேவாஹெட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப ஒரு தடவ திரும்பிப் பாக்கணுமே, அந்தக் கழுத! அம்மா கையப் புடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம்."

திட்டிக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும்தான். ரிஸ்னா என்னவென்று கண்ணால் கேட்டாள். ஒரு ஆள் குறைகிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கணினியிலிருந்து எடுத்தேன். அந்த ஒன்றை நான் தேடவே இல்லை.